அத்திப்பழத் துணுக்குகள்

ஆகஸ்ட் 4
வீட்டுக்குப் பின்னாலுள்ள அத்திமரத்தில் இன்றும் கிளிகள். உள்ளங்கை அளவுதான் ஒவ்வொன்றும். பறந்து வரும்போது கீச்சிடும். தின்ன உட்கார்ந்துவிட்டால் சத்தமே இராது, பழத்துணுக்குகள் மட்டும் உதிரும். அந்தக் கீச்சைக் கேட்டதும் ஆல்பன் பால் குடிப்பதை விட்டுத் தலையைத் திருப்புகிறான். "பாத்தியா அண்ணி, எங்க குலத்துப் பறவையைக் கண்டுக்கிறான்! இவன் எங்க பிள்ளை" என்றாள் என் கணவரின் தங்கை லுட்வினா. சுமந்தவள் நான்.

ஆகஸ்ட் 9
தோட்டம் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது. பிள்ளையை வலைப்பையில் சுமந்துகொண்டு இனி நடக்க முடியாது என்று கணவர் டிடிமஸிடம் சொன்னேன். வீட்டருகே காடு வெட்டிப் புதுத் தோட்டம் போடுவதாகச் சொன்னார். அத்தியைத் தொடமாட்டாராம்.

ஆகஸ்ட் 15
அத்தியைத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற பட்டமரத்தைச் சாய்த்துவிட்டார். "செத்த மரந்தானேன்னு நெனச்சேன்." கிளிகளின் பொந்து அதன் மறுபக்கத்தில் இருந்திருக்கிறது. உள்ளே நசுங்கிய குஞ்சுகள்.

ஆகஸ்ட் 18
கிளிகள் வருவதில்லை.

ஆகஸ்ட் 21
ஆல்பனுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. ஊர் மருந்தகத்தில் மலேரியா மருந்து இல்லை. படகு நாளைக்குத்தான். லுட்வினா வாசலில் நின்றே கத்தினாள்: "கிளி வீட்டை இடிச்சீங்க, அது உங்க வீட்டுல கைவச்சிருச்சு. காலேஜ் படிச்ச மகாராணிக்கு நடக்க வலிச்சுதாம்!"
கொசுதான் காரணம். எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் அந்த அடிக்கட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்? நான்தானே கேட்டேன். என் கால்வலிக்காகவா —

ஆகஸ்ட் 23
மதாங் நகர மருத்துவமனை. வலிப்பு. ஊசி மேல் ஊசி. ஐயோ, என்னப் பாருடா. ஒரு தடவ பாரு.

செப்டம்பர் 2
கண் திறந்தான். பால் குடித்தான். டிடிமஸ் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

செப்டம்பர் 19
வீடு. பட்டமரத்தின் பொந்துள்ள துண்டை டிடிமஸ் அத்தியில் ஏற்றிக் கொடியால் கட்டியிருக்கிறார். "வாடகைக்கு விடுறியாண்ணே?" என்றாள் லுட்வினா. யாரும் சிரிக்கவில்லை, அவளும்.

அக்டோபர் 6
கிளிகள் வந்துவிட்டன. கட்டிய பொந்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, பழத்துக்குத்தான் வந்தன. கீச்சிட்டுக்கொண்டு கூட்டமாக இறங்கியதும் லுட்வினா ஓடிவந்தாள். "அண்ணி, மன்னிச்சிருச்சுங்க! நம்மள மன்னிச்சிருச்சுங்க!"
நான் மரத்தடியில் இருந்தேன். ஆல்பன் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. இன்னொரு கூட்டம் வந்து இறங்கியது. அப்போதும் இல்லை. லுட்வினா அவன் காதருகே கைதட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள். பிறகு கையை மடக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.
பழத்துணுக்கு ஒன்று அவன் கன்னத்தில் விழுந்தது. அப்போதுதான் மேலே பார்த்தான்.