வான்பொறியின் உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பது குறித்து ஆந்தைக்குன்றக் கோட்டைத் தலைவருக்கு

மழை பொய்க்காத செம்பாறை நாட்டை ஆள்பவரும், பகைவர் யானைகளைப் பெயர் சொல்லி அழைத்துப் பணியவைத்தவரும், எளியவர் வழக்கையும் இருந்து கேட்பவருமான நெடுங்கோ மாமன்னரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் முதலமைச்சன் நெடுஞ்செவியன், ஆந்தைக்குன்றக் கோட்டையின் தலைவரும், பல போர்களில் முன்னணி காத்தவரும், அரசர் கையால் வாள் பெற்றவருமான வயிரமேகனாருக்கு எழுதுவிக்கும் ஓலை. உமது கோட்டைக் கிணறு வற்றாதிருக்க; உமது குதிரைகள் நோயற்றிருக்க; உமது மதில் உறுதியாக நிற்க. கடைசி வாழ்த்தை நாம் வழக்கத்துக்காக எழுதவில்லை.

நீர் அனுப்பிய ஓலை வந்து சேர்ந்தது. குன்றின் அடிவாரத்து மேகநாயகர் கோயிலில், கோபுரத்தின் உச்சியில் விரிசல் கண்டிருக்கிறதா என்று பார்க்கக் கோயிலாரால் அமர்த்தப்பட்ட சேந்தி என்னும் பெண், தன் பளிங்குக் கண் கண்டதைக் கீழே நிற்பவருக்குக் காட்டும் பறக்கும் வான்பொறியைச் சட்டம் வகுத்த நாற்பது கோல் உயரத்தையும் மீறி அறுபது கோல் அளவுக்கு ஏற்றினாள் என்றும், இது கோட்டைக்கு எதிரான உளவு என்றும், பொறியை நீர் கைப்பற்றிவிட்டீர் என்றும், அவளோ கோயிலுக்குள் புகுந்துகொண்டாள் என்றும், கோயிலார் அவளை ஒப்படைக்க மறுக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர். அவளை வெளியே இழுத்துவந்து இரு கண்களையும் பறிக்க அரசரின் முத்திரையை வேண்டியிருந்தீர். சான்றாக, பொறியின் வாலில் கட்டியிருந்த அளவுநூலையும் பட்டுத்துணியில் சுற்றி அனுப்பியிருந்தீர். அனுப்பியதற்கு நன்றி. அதைப்பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

அரசர் உமது ஓலையைக் கேட்டதும் முத்திரை மோதிரத்தைக் கழற்றினார். நாம்தான் சில நாள் பொறுக்கும்படி வேண்டிக்கொண்டோம். சினம் கொள்வது அரசருக்கு உரியது. ஐயப்படுவதற்கென்றே அவர் எமக்குச் சோறிடுகிறார். தின்ற சோற்றுக்கு வேலை செய்யவேண்டாமா?

முதலில் எமக்கு உறுத்தியது உமது தண்டனைதான். உயரம் மீறிய பொறியை உடைக்கவேண்டும், செலுத்தியவர் ஓராண்டு பொறியைத் தொடலாகாது, இவ்வளவுதான் சட்டத்தில் உள்ளது. கண்ணைப் பறிப்பது எங்கும் இல்லை. மேலே போனது பொறி; நீர் கேட்பதோ அவள் கண். அப்படியானால் உம்மை வருத்துவது அது எவ்வளவு உயரம் போனது என்பதா, அங்கிருந்து எதைப் பார்த்தது என்பதா? ஓலையை மீண்டும் படித்தோம். உயரத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கும் நீர், அவள் எதைப் பார்த்தாள் என்று ஒரு வரியும் எழுதவில்லை. உளவு பார்த்தாள் என்று குற்றம் சாட்டுகிறவர் அதையல்லவா முதலில் சொல்லவேண்டும்!

இனிச் சட்டத்துக்கு வருவோம். வெட்டவெளியில் பறக்கும் பொறி, தனக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து நாற்பது கோலுக்கு மேல் ஏறலாகாது. இதை நீர் நன்றாகவே அறிவீர். இதற்கு அடுத்த வரியைப் படிக்க உமக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று. கோபுரம், கலங்கரை விளக்கு, மாடமாளிகை போன்ற கட்டடம் ஒன்றைச் சுற்றி நாற்பது கோல் தொலைவுக்குள் பொறி பறக்குமானால், அதன் உயரம் தரையிலிருந்து அன்று, அக்கட்டடத்தின் உச்சியிலிருந்தே அளக்கப்படும். உச்சிக்கு மேல் நாற்பது கோல் வரை அது ஏறலாம். அந்தச் சுற்றைவிட்டு வெளியே வந்ததும் மறுபடி தரைக்கணக்குக்கு இறங்கிவிடவேண்டும். மேகநாயகர் கோபுரம் இருபது கோல். அதன்மேல் நாற்பது. ஆக, நீர் குற்றமென்று எழுதிய அறுபது கோலும் அவளுக்குச் சட்டம் கொடுத்த உயரமே.

ஏன் இப்படி வகுத்தார்கள் என்று கேட்பீர். கோபுரத்தை ஒட்டி அடிக்கும் காற்று சுழன்று அடிக்கும். அங்கே பொறியைத் தாழப் பறக்கச் சொன்னால் அது சிலைகளில் மோதிச் சிலைகளின் மூக்கையும் உடைக்கும், தானும் உடையும். உயர நின்று பார்க்க இடம் வேண்டும். இந்தச் சலுகையைத் திரித்தவர்களும் உண்டு. முன்னொரு காலத்தில் ஒரு பட்டு வணிகர், அடுத்த வீட்டு அந்தப்புரத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, தன் தோட்டத்தில் நெடிய மூங்கில் ஒன்றை நட்டு, இதுவும் கட்டடம்தான் என்று வாதாடினார். அவருடைய பொறியையும் மூங்கிலையும் சேர்த்து உடைத்தோம். ஆகையால் இச்சட்டத்தின் ஓட்டைகள் எமக்குத் தெரியாதவை அல்ல. சேந்தியையும் நாம் எடுத்த எடுப்பில் நம்பிவிடவில்லை.

நம்பவைத்தது நீர் அனுப்பிய நூல். பொறிகளின் வாலில் கட்டும் அளவுநூல் சரியாக நாற்பது கோல் நீளம் என்பதும், நூலின் நுனி கீழே தொட்டுக்கொண்டிருக்கும்வரை பொறி சட்டத்துக்குள் நிற்கிறது என்பதும் யாவரும் அறிந்தது. ஆந்தைக்குன்றத்தாருக்கு மட்டும் உரிய ஒரு வழக்கம் உண்டு. நீர் வடபுலத்திலிருந்து வந்தவராகையால் கவனித்திருக்கமாட்டீர். அவ்வூரில் கோபுர வேலை தொடங்குமுன் உச்சிக் கலசத்துக்கு அரைத்த மஞ்சளைக் கனமாகப் பூசுவார்கள். நீர் அனுப்பிய நூலின் நுனி, ஒரு சாண் அளவுக்கு மஞ்சளாக இருந்தது. அந்த நூல் தரையைத் தொடவில்லை என்று நீர் எழுதியது உண்மை. அது கலசத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவளைக் கட்டிப்போட நீர் கொடுத்த கயிறே அவளை அவிழ்த்துவிட்டது.

இத்துடன் விட்டிருந்தால் இந்த ஓலை இவ்வளவு நீண்டிராது. ஆனால் மற்றொன்று எம்மைத் தூங்கவிடவில்லை. கோட்டைக்கு அருகே பொறி பறக்கக் கோட்டைத் தலைவரின் இசைவு வேண்டும். அந்த இசைவைச் சேந்திக்குக் கொடுத்தவர் நீரே. மகிழ்ந்து கொடுத்தீர் என்று கோயிலார் சொல்கிறார்கள். அடிவாரத்துத் தரையிலிருந்து நாற்பது கோல் ஏறினால், குன்றின்மேல் நிற்கும் உமது முன்மதிலின் விளிம்புதான் தெரியும்; அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அறுபது கோலில் நின்றால், முன்மதிலைத் தாண்டி ஆற்றைப் பார்த்த பின்மதில் வரை தெரியும். நீர் நாற்பது என்று எண்ணி இசைந்தீர். அவள் அறுபதுக்குப் போனாள். அவள் சட்டத்தை மீறவில்லை, வயிரமேகனாரே. சட்டத்தை அரைகுறையாகப் படித்த உமது கணக்குதான் பிசகிற்று.

பின்மதிலில் என்ன இருக்கிறது? போன வெள்ளத்தில் இடிந்த பகுதியை அரசர் அனுப்பிய கருங்கல்லால் கட்டி முடித்துவிட்டதாக நீர் எழுதியிருந்தீர். எம் ஆட்கள் படகில் போய்ப் பார்த்து, வெள்ளை வெளேரென்று முழு மதில் நிற்பதாகச் சொன்னார்கள். உள்ளிருந்து யாரும் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் பாம்புப் புற்று மிகுதி என்று சொல்லி உமது வீரர்களையே நீர் அங்கே போகவிடுவதில்லையாம். பாம்புக்கு அஞ்சும் படைத்தலைவரை இப்போதுதான் கேள்விப்படுகிறோம்.

எனவே தூதர் கோவடிகளை யாத்திரிகர் வேடத்தில் கோயிலுக்கு அனுப்பினோம். அவர் சேந்தியைக் கண்டு பேசினார். அவளுக்கு அரசியலும் தெரியாது, மதிலும் தெரியாது. கோபுர விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொறியின் பளிங்குக் கண் கோட்டைப் பக்கம் திரும்பிற்றாம். மேலிருந்து பார்த்தால் ஆற்றோர மதிலின் ஒரு பகுதிக்குத் தடிப்பே இல்லை, சுண்ணாம்பு பூசிய பாயை நிறுத்திவைத்ததுபோல இருந்தது என்று கோயில் சிற்பியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அதை உமது சமையற்கட்டுக்குப் பால் கொண்டுபோகிறவன் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று மாலையே உமது வீரர்கள் வந்தார்கள். கோவடிகளிடம் அவள் கேட்டது இவ்வளவுதான்: “நான் மேல போனது குத்தமா, பாத்தது குத்தமா? அத மட்டும் அவரச் சொல்லச் சொல்லுங்கய்யா.” அந்தக் கேள்வியை மாற்றாமல் உமக்கு அனுப்புகிறோம். அவள் அஞ்சி அழுதாள் என்று கோவடிகள் சொன்னதையும் மறைக்கவில்லை.

பாய்க்கு முன்னும் பின்னும் உண்டு, தடிப்பு இல்லை. படகிலிருந்து பார்ப்பவனை அது ஏமாற்றும்; வானிலிருந்து பார்ப்பவனை ஏமாற்றாது. அரசரின் கருங்கல் எங்கே போயிற்று என்பது ஒரு கேள்வி. அக்கரை நாட்டு வேந்தர் இந்த ஆண்டு ஏன் இத்தனை படகு கட்டுகிறார் என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடையா, வேறு வேறா என்று எமக்கு இன்னும் தெரியாது. உமது மதில் உண்மையிலேயே கல்லாக இருக்குமானால், ஐயப்பட்டே கிழவனான ஒருவனை மன்னித்துவிடும். நாமே நேரில் வந்து உமது வாசலில் நின்று பிழை பொறுக்கக் கேட்போம்.

இனி அரசகட்டளை. சேந்தியின்மேல் குற்றமில்லை. அவள் கண்ணுக்கோ கைக்கோ ஊறு வரலாகாது. நீர் கைப்பற்றிய பொறியை உடையாமல் திருப்பித் தரவேண்டும். இந்த ஓலையை மறைவில் படிக்கலாகாது. உச்சிவேளையில், கோட்டை முற்றத்தில், கொடிமரத்தின் கீழ், உமது வீரர் அனைவரும் கேட்கக் கோவடிகள் உரக்கப் படிப்பார். படித்து முடியும்வரை ஒருவரும் ஆற்றுப்பக்கம் போகலாகாது. கோவடிகளின் கையில் இன்னும் பிரிக்காத ஓலை ஒன்று உண்டு. அதைப் பிரிப்பதா எரிப்பதா என்பதைக் கோயில் மேல்தளத்திலிருந்து அசையும் கொடியைப் பார்த்து அவர் தீர்மானிப்பார். வெள்ளைக் கொடி அசைந்தால் மதில் கல். சிவப்பு அசைந்தால் பாய்.

செம்பாறை வேந்தரின் யானை முத்திரை இட்டு, ஆறும் குன்றும் அறிய, முதலமைச்சன் நெடுஞ்செவியன் இதை முடித்தான். இதற்கு மாறாக நடப்பவர் இந்நாட்டின் உப்பைத் தின்றவர் அல்லர்.

முத்திரைக்குக் கீழே இன்னும் ஒன்று. வயிரமேகனாரே, இப்போது நிமிர்ந்து பாரும். உமது தலைக்கு மேலே நிற்பது அரண்மனையின் பொறி. அதன் நூல் நுனி உமது காவல்மாடத்தின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஐயமிருந்தால் அளந்துகொள்ளும். கோயில் மேல்தளத்தில் நின்று அதைச் செலுத்துகிறவள் சேந்தி. நீர் பறிக்கக் கேட்ட அதே கண்கள்தாம் உமது பின்மதிலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.