ஐந்து எண்ணும் வரை

1946 ஜனவரி 12, சனி

கொள்ளுப்பிட்டியில் ஆசிரியர்களுக்கான ரேடியோ வகுப்பு இன்று தொடங்கியது. ஐந்து சனிக்கிழமைகள் நடக்கும். பதினெட்டு வருடம் சுண்ணக்கட்டி பிடித்தவனுக்கு இனிப் பெட்டிக்குள் இருந்து படிப்பிக்கப் பழக்கப் போகிறார்களாம். போவதில்லை என்றுதான் இருந்தேன். தலைமையாசிரியர் சுந்தரலிங்கம் விடவில்லை. "நாகேந்திரம், உம்மடை குரல் அடுத்த ஒழுங்கைக்கும் கேக்குது. நீர் போகாமல் வேறை ஆர் போறது?" என்றார். அது புகழ்ச்சியா நக்கலா என்று தெரியவில்லை.

படிப்பிப்பவர் ஸஹாப்தீன். யுத்தம் முடியும்வரை ரேடியோவில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். எங்கள் இருபத்திரண்டு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மாஸ்டர்மாரே, டீச்சர்மாரே, மைக்குக்குக் கண் இல்ல. ஒங்கட பிரம்ப அது பாக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜனவரி 14, திங்கள்

பொங்கல். கூப்பன் அரிசியில் பாதி கல். பொறுக்கிப் பொறுக்கி மனைவி பாக்கியத்துக்குக் கண் வலி. பொங்கல் நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 19, சனி

இன்று மைக்குக்கு முன்னால் இருத்தினார்கள். அறையின் சுவரெல்லாம் தடித்த துணி தொங்குகிறது. வெளிச் சத்தம் ஒன்றும் வராது. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

கேள்வி கேட்டதும் நிறுத்த வேண்டுமாம். வாசிக்கும் தாளில் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. கோட்டைக் கண்டால் மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். எங்கோ ஒரு வகுப்பில் பிள்ளைகள் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அதற்கு இடம் விட வேண்டும்.

"ஆயிரம் புள்ளகளுக்குப் பேசாதீங்க, அது மேடைப் பேச்சாப் போயிரும்" என்றார் ஸஹாப்தீன். "ஒங்கட வகுப்புல ஒரே ஒரு புள்ளய நெனச்சிக்கோங்க. அந்தப் புள்ளக்கிச் சொல்லுங்க."

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் நாற்பத்திரண்டு பேர். அதில் ஒன்றைப் பிடித்து நினைத்திருக்கலாம்தானே? வந்து நின்றது ஆறாயி.

கேள்வியைக் கேட்டேன். நிறுத்தினேன். ஒன்று, இரண்டு — வளையல் சத்தம். கண்ணாடி வளையல் இரண்டு ஒன்றோடொன்று பட்டு முழங்கைக்கு வழுக்குகிற சத்தம். அவசரமாக அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன்.

"ரெண்டுதான் எண்ணினீங்க மாஸ்டர்" என்றார் ஸஹாப்தீன்.

ஜனவரி 22, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதினால் போய்விடுமோ, பார்ப்போம்.

ஆறாயிக்கு ஒன்பது வயது. தாய் வெள்ளையம்மா நெசவு மில்லில் வேலை. பாமன்கடையில் வாய்க்கால் ஓரத்து வரிசை வீடொன்றில் தாயும் மகளும்தான். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கொழும்புக்கு வந்து இரண்டு வருடம். பிள்ளைக்கு வாய் ஓயாது. நான் கேள்வியை முடிக்குமுன் பதில் வந்து விழும். கை தூக்கு, கை தூக்கு என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

போன ஒக்டோபர் பதினைந்தாம் திகதி, திங்கட்கிழமை. மழை பாடம். மேகம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "மேகம் எங்க லயத்துக்குள்ளயே வரும் சார். கதவத் தொறந்தா அடுப்படி வரைக்கும் வரும்" என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. என்னைப் பகிடி பண்ணுகிறாள் என்று நினைத்தேன். நான் பிறந்த ஊரில் மேகம் வானத்தில்தான் இருக்கும், மலையை நான் படத்தில் பார்த்ததோடு சரி. "பொய்க்காரி" என்றேன். "ஒரு கிழமை முழுக்க இந்த வகுப்பிலை நீ வாய் திறக்கக் கூடாது. கை தூக்கினாலும் கேக்கமாட்டன்."

சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் வரவில்லை. தொண்டை அடைப்பான் நோய் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

புதன்கிழமையைப் பற்றி இன்றைக்கு எழுத மாட்டேன்.

ஜனவரி 26, சனி

மூன்று வரை எண்ணினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற யேசுரட்ணம் ஐந்து எண்ணுகிற ஆறுதலைப் பார்த்தால் அதற்குள் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிடலாம்.

ஸஹாப்தீன் என்னைத் தனியே கூப்பிட்டார். "நல்ல கொரல் ஒங்களுக்கு. ஏன் மாஸ்டர், புள்ளக்கி எடம் குடுக்கிறீங்க இல்ல?"

என்ன சொல்ல? பழக்கம் இல்லை என்றேன். அது உண்மைதான்.

பெப்ரவரி 5, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கு ரேடியோப் பெட்டி வந்து சேர்ந்தது. சுந்தரலிங்கம் அதற்குப் பூப்போட்ட துணி ஒன்று போர்த்தி அலுமாரியில் பூட்டிவிட்டார். "பிள்ளையள் கை வைச்சால் வால்வு போயிடும்." அப்படியானால் எதற்கு ஐயா பெட்டி? பூசை செய்யவா?

பெப்ரவரி 9, சனி

வகுப்பு இன்றோடு முடிந்தது. மூன்று பேரைப் பேசுவதற்குத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். யேசுரட்ணம், ஒரு டீச்சர், நான். இன்று எப்படியோ நாலு எண்ணிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன்.

எனக்குத் தந்த பாடம், மழை எங்கிருந்து வருகிறது.

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரேடியோவில் பெயர் வரும் என்ற ஆசை, வேறென்ன.

பெப்ரவரி 17, ஞாயிறு

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். பாக்கியம் வாசலில் நின்றாள்.

"இஞ்சருங்கோ, ஆரோடை கதைக்கிறியள்?"

"சுவரோடை."

"சுவர் மறுமொழி சொல்லுமட்டும் காத்துக்கொண்டு நிக்கிறியளே! என்னோடை ஒரு நாளும் அப்பிடி நிண்டதில்லை" என்று சிரித்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமையை எழுதாமல் தப்ப முடியாது. அன்று பிள்ளைகளைப் பார்க்க நர்ஸ் வந்து விறாந்தையில் இருந்தாள். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறாயி கை தூக்கினாள். கண்டேன். கண்டும் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம் தூக்கினாள். பச்சை வளையல் இரண்டு, முழங்கை வரைக்கும் வழுக்கி விழுந்தன. சொன்ன சொல்லை மாற்றினால் பிறகு ஆர் என்னை மதிப்பினம் எண்டு நினைச்சன். ஒரு ஒன்பது வயசுப் பிள்ளையட்டை மரியாதை வாங்க நிண்டிருக்கிறன், நாசமாய்ப் போனவன்.

என்ன கேட்க வந்தாளோ. வெளியே போகவோ, பதில் சொல்லவோ.

பெப்ரவரி 20, புதன்

காலை பதினொரு மணி. சிவப்பு விளக்கு எரிந்தது. வாசித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் துணியை எடுத்துப் பெட்டியைத் திறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"குளத்துத் தண்ணீர் எங்கே போயிற்று? சொல்லுங்கள்." கோடு. ஒன்று. இரண்டு. மூன்று. வளையல் கேட்டது. நாலு. நான் ஓடவில்லை. ஐந்து.

அதற்குப் பிறகு தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. "மலைநாட்டில் மேகம் வீட்டுக்குள்ளேயே வரும், பிள்ளைகளே. கதவைத் திறந்தால் அடுப்படி வரைக்கும் வரும். இதை எனக்குச் சொல்லித் தந்தது ஆறாயி என்ற பிள்ளை. அவள் சொன்னது உண்மை."

விளக்கு அணைந்ததும் ஸஹாப்தீன் உள்ளே வந்தார். முகம் சரியில்லை. "தாளுல இல்லாதத ஏன் மாஸ்டர் சொன்னீங்க?" என்றவர், பிறகு, "நடுவுல ஒரு சத்தம் வந்திச்சே, கிளாஸ்ல கை பட்டிச்சா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். மேசையில் கிளாஸ் இருக்கவில்லை.

பெப்ரவரி 22, வெள்ளி

இனி என்னைப் பேசக் கூப்பிடமாட்டார்கள். எழுதியதைத்தான் வாசிக்க வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளையாம். ஸஹாப்தீன் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிசன். "அந்தப் புள்ள இப்ப எங்க படிக்குது?" என்று வாசலில் கேட்டார். செத்துப்போனாள் என்று நான் சொன்னதும், "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினார்.

பெப்ரவரி 25, திங்கள்

பள்ளி விட்டதும் வாசலில் ஒரு பெண். மில்லிலிருந்து நேரே வந்திருக்கிறாள், தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. செத்தவீட்டில் ஒரே தரம் கண்ட முகம்.

"நான் ஆறாயி அம்மாங்கய்யா" என்றாள். "எம்புள்ள பேர பொட்டியில சொன்னீங்களாம்ல? புள்ளைங்க ஓடியாந்து சொல்லுச்சுங்க. மில்லுல வேல பாக்குறவ புள்ள பேர ஊரெல்லாம் கேக்குற மாதிரி யாருய்யா சொல்லுவா?" ஒரு கடதாசிச் சுருளை என் கையில் வைத்தாள். சீனி. கூப்பன் சீனி, அரை றாத்தல் இருக்கும். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினாள்.

"அந்தப் புதன்கெழம தொண்ட வலிக்குதுன்னா. நான் வேலைக்குப் போகாட்டி அடுத்த நாள் வேல இல்ல. இஸ்கூலுக்கு நர்ஸம்மா வர்ற நாளுடி, வாத்தியாரய்யாகிட்டச் சொல்லு, காட்டுவாருன்னு அனுப்பி வச்சேன். சாயங்காலம் கேட்டா, சொல்லலங்கிறா. ஏண்டி சொல்லலன்னு ஒரு அறை விட்டேன்யா. அந்தத் தொண்டையோட அழுதா. நாள் முழுக்க வாயாடுனவ, சொல்ல வேண்டியத மறந்துட்டா பாருங்க, கழுத. இன்னைக்கும் எனக்கு அவ மேல ஆத்திரந்தான். அவ பேருல ஒரு வெளக்கு ஏத்தக்கூட மனசு வரல."

நான் வாயைக் கட்டியதை ஆறாயி வீட்டில் சொல்லவேயில்லை.

வெள்ளையம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லுவதற்கு வேண்டிய நேரம் இருந்தது. "ஓம். பிள்ளையள்தானே. மறந்திருப்பாள்" என்றேன்.

கடவுளே, இதையும் நான்தான் சொன்னன்.

பெப்ரவரி 26, செவ்வாய்

பாக்கியம் அந்தச் சீனியைத் தேத்தண்ணியில் போடப் போனாள். கையைத் தட்டிவிட்டேன். கரண்டி விழுந்து உருண்டது. "உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்று கேட்டு அழுதாள். இரண்டு பேருமாக நிலத்தில் இருந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன்.

பாக்கியம் விழுந்த கரண்டியை எடுத்து வைத்தாள். பிறகு, "அந்தப் பிள்ளை சாகிறதுக்கு முதலும் அடி வாங்கிச்சுது, செத்தும் பேச்சு வாங்குது. நீங்கள் போய்ச் சொல்லத்தான் வேணும்" என்றாள்.

மார்ச் 1, வெள்ளி

போகவில்லை. பாமன்கடைச் சந்தி வரைக்கும் போய்த் திரும்பினேன்.

மார்ச் 3, ஞாயிறு

போனேன். கையில் அந்தச் சீனிச் சுருள். வெள்ளையம்மா வாசலில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழும்பி, வாங்கய்யா, உக்காருங்க என்று பலகையை இழுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. இருந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"ஆறாயி மறக்கேல்லை" என்றேன். திங்கட்கிழமை தொடங்கிப் புதன்கிழமை வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். பொய்க்காரி என்றதையும் சொன்னேன். போன கிழமை வாசலில் நின்று பொய் சொன்னவன் நான் என்பதையும் சொன்னேன்.

கீரையைக் கீழே வைத்தாள். "கை தூக்குனாளா?"

"ஓம். இரண்டு தரம்."

"ஒசக்கத் தூக்குனாளா?"

"ஓம். வளையல் முழங்கை வரைக்கும் இறங்கினது. நான் கண்டனான்."

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். வாய்க்காலில் யாரோ உடுப்புத் துவைக்கும் சத்தம். மன்னித்துக்கொள் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அது அவளுடைய நேரம்.

"அப்ப எம்புள்ள மறக்கல" என்றாள்.

"மறக்கேல்லை."

"நான் அடிச்சேனே" என்றாள். அதற்கு மேல் அவள் அழுத அழுகையை நான் இங்கே எழுத மாட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். நான் ஒரு ஓரத்தில் நின்றேன். என்னை யாரும் ஏசவில்லை, ஏசியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

கடைசியில் நிமிர்ந்து, "போங்கய்யா. சீனிய அங்க வச்சிட்டுப் போங்க" என்றாள்.

மார்ச் 4, திங்கள்

வகுப்பில் இன்று பிரம்பு எடுக்கவில்லை. அதனால் என்ன.

மார்ச் 15, வெள்ளி

யேசுரட்ணத்தின் பாடம் இன்று ரேடியோவில். சுந்தரலிங்கத்தோடு சண்டை பிடித்து அலுமாரித் திறப்பை வாங்கிப் பெட்டியை என் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். கடலைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டு அந்த ஆள் தன் பாட்டில் நிறுத்தினார். நாற்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பக்கத்து வகுப்பு மாஸ்டர் எட்டிப் பார்த்தார். கத்தட்டும் என்று கையைக் காட்டினேன். அந்தச் சத்தத்துக்குள் நான் காது கொடுத்துப் பார்த்தேன். வளையல் கேட்கவில்லை. பன்னிரண்டு நாளாகக் கேட்கவில்லை.

பெட்டியை மூடியதும் முன் வாங்கில் லுத்பியா எழும்பினாள். கை தூக்கவில்லை. "சேர், நேத்து ஆறாயிட உம்மா வெளக்குப் பத்தவெச்சி, எங்க எல்லாருக்கும் அவலும் சீனியும் தந்த. ஆறாயிட பேருல."

"நல்லது" என்றேன்.

"நாங்க சேருக்கும் கொஞ்சம் கேட்ட." அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று அவளுக்குப் பயம். நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"சேருக்கு மட்டும் குடுக்க வேணாண்டு அவங்க சொன்ன."

வகுப்பு முழுக்க என் முகத்தையே பார்த்தது. சரிதான் பிள்ளை, சொன்னது நல்லது, இரு என்றேன்.