டானிக் வாங்காதே

பிலோயாவின் அம்மா லாக்கெருக்கு,

நீயும் குழந்தையும் நலந்தானே? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் இப்போது நன்றாக இருக்கிறேன். 'இப்போது' என்றதும் முறைக்காதே. மலேரியா வந்து போய்விட்டது, அவ்வளவுதான். கரும்பு வெட்டும்போது தலை சுற்றி விழுந்தேன், போன் உடைந்தது. கூட வேலை செய்யும் ஓடுர்தான் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். "உன்னைவிடக் கரும்புக்கட்டு கனம்டா" என்று வழியெல்லாம் கேலி.

ரத்தம் ஊறட்டும் என்று நானாக இரும்புச்சத்து டானிக் வாங்கினேன். நர்ஸ் நக்கிசிகே பிடுங்கிக்கொண்டார்.

"யாரைக் கேட்டு வாங்கினே? கிருமிக்குக் கிடைக்கக் கூடாதுன்னு உடம்பே இரும்பை ஒளிச்சு வைக்குது. நீ அதுக்குத் தீனி போடப் போறியா?"

"சாப்பாடெல்லாம் மண்ணு மாதிரி இருக்கே, சிஸ்டர்?"

"ரத்தத்துல துத்தநாகமும் இறங்கியிருக்கு, அதான் ருசி தெரியலை. முதல்ல மலேரியா மாத்திரையை முடி. அப்புறம் பார்க்கலாம்."

மாத்திரை முடிந்து, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது இரும்பும் துத்தநாகமும் தானாகவே ஏறத் தொடங்கியிருந்தன.

பிலோயா வெளுத்துக் கிடக்கிறாள், டானிக் வாங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நீயாக வாங்காதே. முதலில் ஆஸ்பத்திரியில் மலேரியா இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கச் சொல். மற்றதை அவர்கள் சொல்லட்டும்.

இதைக் கொண்டுவரும் பஸ் டிரைவரிடம், எள்ளும் கடலையும் சேர்த்து அரைத்த விழுது ஒரு டப்பா கொடுத்துவிடு. நேற்றுதான் வாய்க்கு ருசி திரும்பியது. உன் கைப்பக்குவம் இங்கே யாருக்கும் வரவில்லை.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். விழுதை நாளைக்கு அரைக்கலாம். முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு.

உன்,
ஓசாயா