காலி என்று எழுதிய ஒலிநாடா

மல்லேஸ்வரம்,
பெங்களூர் – 3.
15 நவம்பர் 1998

மதிப்பிற்குரிய அய்யாவு அவர்களுக்கு,

ஃபாக்டரியில் டிராயிங் ஆபீசில் இருந்த சீனிவாசராகவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும், உங்கள் மகள் சாந்தகுமாரியும், ஜோலார்பேட்டையில் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். அந்தக் காலத்தில் உங்களை நீ என்றுதான் கூப்பிட்டேன். உங்களைவிட எனக்கு இரண்டு வயதுதான் அதிகம். இப்போது நீங்கள் என்று எழுதுவதை வித்தியாசமாக நினைக்க வேண்டாம். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. உங்களிடம் இருபத்தாறு வருடங்களாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு வந்து சேர எனக்குச் சற்று நேரம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. மனைவி ஜெயலக்ஷ்மிக்கு முழங்கால் வலி. ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஒரே மகள் சஹானாவைப் போன வருடம் கல்யாணம் செய்து கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு பிரேசில் நாட்டில் வேலை. அவ்வளவு தூரத்தில் என்ன சாப்பிடுகிறாளோ என்று ஜெயலக்ஷ்மிக்குத் தினமும் கவலை. அங்கே நம் ஊரைவிட நல்ல காபி கிடைக்கிறது என்று அவள் எழுதியதைப் படித்ததும் அந்தக் கவலை கோபமாக மாறிவிட்டது.

தீபாவளிக்கு சஹானா ஒரு கேசட் அனுப்பியிருந்தாள். அந்த நாட்டுப் பழைய சங்கீதம். சாம்பா என்று ஒன்று, ஷோரோ என்று ஒன்று. இரண்டிலும் தேர்ந்த கிழவர்களை ஒரே அறையில் உட்காரவைத்துப் பதிவு செய்த இசைத்தட்டாம். அங்கே அதைப் பெரிய பொக்கிஷமாக நினைக்கிறார்களாம். கூட வந்த காகிதத்தில் இருந்ததை அவள் தமிழில் எழுதி அனுப்பியிருந்தாள். பாடுகிறவர்களில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் கார் கழுவியவர். ஒருவர் ஏதோ ஆபீசில் பியூன். ஓர் அம்மாள் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். சாயங்காலத்தில் தங்கள் தெருவில் பாடிக்கொண்டிருந்தவர்களை, தலை நரைத்த பிறகு யாரோ தேடிப்பிடித்து மைக் முன்னால் உட்காரவைத்தார்களாம். "அப்பா, இவர்களை முன்னாடியே யாருமே கேட்கவில்லையா?" என்று கடைசியில் எழுதியிருந்தாள்.

ஷோரோ என்றால் அழுகை என்று அர்த்தமாம். கேட்டால் அப்படித் தெரியவில்லை. கண்ணில் நீர் வைத்துக்கொண்டே ஓடிப்பிடித்து விளையாடுகிற குழந்தை மாதிரி இருக்கிறது. சலங்கை வைத்த தோல் வாத்தியம் ஒன்று கூடவே வருகிறது. சமையலறையிலிருந்து ஜெயலக்ஷ்மி, "கஞ்சிரா யாரு? தேவலையே" என்றாள். நான்காவது உருப்படியில் கிளாரினெட் ஆரம்பித்தது. அவள் கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றுவிட்டாள். "இது நம்ம ஃபாக்டரி அய்யாவு வாசிச்ச மாதிரியே இருக்கே. அவரை அப்புறம் ஏன் கூப்பிடவே இல்லை?" என்றாள். ஞாபகம் இல்லை என்றேன். "கேஸ் சிலிண்டர் மாத்தின தேதியைக்கூட எழுதி வைக்கிறவருக்கு ஞாபகம் இல்லையாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கு அந்தக் கேசட்டை அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கும். 1972 மார்ச், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் அப்போது ஸ்டோர்ஸில் பேக்கிங் பார்த்துக்கொண்டு, முகூர்த்த நாட்களில் ஆஸ்டின் டவுன் பாண்டு கோஷ்டியில் வாசித்து வந்தீர்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நீங்கள் வாசித்ததை நான் ஜன்னல் வழியாக எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். ரேடியோவைக் கேட்டே கீர்த்தனைகளைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னீர்கள். எங்கள் சபாவின் ராமநவமிக் கச்சேரியில் ஒரு மத்தியானம் வாசிக்க வாய்ப்பு கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். நான் இணைச் செயலாளர். செயற்குழு கேட்பதற்காக ஒலிநாடாவில் பதிவு செய்து எடுத்துப்போகிறேன் என்றேன். வீட்டுக்கு வரச் சொன்னேன். ஆனால் பின்பக்கச் சந்து வழியாக வரச் சொன்னேன். சபாத் தலைவரின் வீடு எங்களுக்கு எதிர்வீடு. காரணம் அதுதான். அன்று வாசலில் கோலம் ஈரமாக இருக்கிறது என்று ஏதோ சொன்னேன்.

நீங்கள் சஹானா ராகம் வாசித்தீர்கள். இருபத்திரண்டு நிமிடம். முடிந்ததும் ஜெயலக்ஷ்மி காபி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு டம்ளரை நீங்களே கொல்லைக் குழாயில் கழுவி வைத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

புதன்கிழமை செயற்குழு கூடியது. ஒலிநாடா என் பையில், மேஜைக்குக் கீழே இருந்தது. வேறு யாரோ ஒரு பாண்டுக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தது, உங்களைப் பற்றிக்கூட இல்லை. தலைவர் சொன்னார்: "பாண்டு பார்ட்டியைக் கூப்பிட்டா பின்னாடியே பெட்ரோமாக்ஸ் தூக்கறவனும் வருவான். அவனுக்கு எங்கே நாற்காலி போடறது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பையை நான் திறக்கவே இல்லை, அய்யாவு. அந்த ஒலிநாடாவைச் செயற்குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் ஸ்டோர்ஸ் வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தீர்கள். திறக்கவில்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை. "கேட்டார்கள், சுருதி கொஞ்சம் சேரவில்லை என்று அபிப்பிராயப்பட்டார்கள்" என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன் நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் அதுவாக வந்தது. "சரி சார், பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். அதோடு விட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த வாரம் என் மேஜைக்கு வந்து, "ரீட் புதுசு மாத்திட்டேன் சார், இப்ப ஒரு தடவை கேட்டுப் பாக்கச் சொல்றீங்களா?" என்றீர்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருடம் நீங்கள் கேட்கவில்லை.

நான் சொன்னது உண்மையாகிவிட்டால் நல்லது என்று எனக்கு ஆசை. அதனால் மூன்று நாள் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு, காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, அந்த ஒலிநாடாவில் குற்றம் தேடினேன். ஓர் இடத்தில்கூட விலகவில்லை. பிறகு யாரும் எடுத்துப் போட்டுக் கேட்டுவிடக் கூடாது என்று பயந்து, பெட்டியின் மேல் "எண் 41 – காலி" என்று எழுதினேன். என் பட்டியலில் இருநூற்றுப் பதினெட்டு ஒலிநாடாக்கள் இருக்கின்றன. அதில் பொய்யாக எழுதியது அது ஒன்றுதான்.

மறு வருடம் பெண் பிறந்தாள். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது சஹானா என்றேன். ரேடியோவில் கேட்ட கச்சேரி ஒன்றின் நினைவாக என்று எல்லோரிடமும் சொன்னேன். அவளும் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறாள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு பஸ் பிடித்து ஆஸ்டின் டவுனுக்குப் போனேன். உங்களைத் தெரிந்த இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. பாண்டு ஆபீஸ் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் பவுலின் அம்மாள்தான் விலாசம் கொடுத்தார். "கிளாரினெட் மாஸ்டரா? பொண்ணு வீட்டோட போயிட்டாரு சார்" என்றார். இன்னும் வாசிக்கிறாரா என்று கேட்டேன். "எங்க சார். மல்லேஸ்வரத்துல பெரிய பெரிய வித்வானுங்க கேட்டுட்டு சுருதி சேரலைன்னுட்டாங்களாம். அதுலேருந்து கீர்த்தனைன்னு யாராவது கேட்டா கையெடுத்துக் கும்பிட்டுருவாரு. கடைசி வரைக்கும் வெறும் சினிமா பாட்டுதான். மாஸ்டரே சொல்வாரு, என் காது மட்டம்னு." இதைச் சொல்லிவிட்டு, நீங்க யாரு சார் என்று கேட்டார். ஃபாக்டரி சிநேகிதன் என்றேன். அங்கேயும் அவ்வளவுதான் என் தைரியம்.

இத்துடன் ஒரு கேசட் வைத்திருக்கிறேன். ஏ பக்கத்தில் பிரேசில்காரர்கள். பி பக்கத்தில் ஒலிநாடா 41, முழுவதும். தொடக்கத்தில் கொஞ்சம் இரைச்சல் இருக்கும், அது மிஷினுடைய குற்றம். உங்களுடையது என்று நினைத்துவிட வேண்டாம். சாந்தகுமாரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். சுருதி சேரவில்லை என்று எந்த வித்வானும் சொல்லவில்லை, ஒரு கோழை சொன்னான் என்று அவளுக்கு நீங்கள் சொல்ல வேண்டும். கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே படிக்கக் கொடுங்கள்.

ஜெயலக்ஷ்மியிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்த டம்ளரை அவர் கழுவினபோது நானும் பாத்துண்டுதானே இருந்தேன்" என்றாள். ஜனவரியில் சஹானா வருகிறாள். நீங்கள் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அவளிடமும் சொல்லிவிடுவேன். யாருடைய வாசிப்பு அவள் பெயராயிற்று என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அந்தச் சமயம் உங்களால் வர முடிந்தால் முன்வாசல் வழியாக வாருங்கள். வாத்தியத்தைக் கொண்டுவாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வழக்கமாகக் கடிதத்தை ஆசீர்வாதத்தோடு முடிப்பேன். வயதில் மூத்தவன் என்ற ஒன்றை வைத்து உங்களை ஆசீர்வதிக்க இன்று மனம் கூசுகிறது. எண் 41 பெட்டியில் "காலி" என்பதை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். எழுத உட்கார்ந்தபோதுதான் உங்கள் இனிஷியல்கூட எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. அதற்கென்று ஒரு நெல் அளவு இடம் விட்டிருக்கிறேன். தயவுசெய்து ஒரு கார்டில் அதை மட்டுமாவது எழுதி அனுப்புங்கள்.

தங்கள்,
சீனிவாசராகவன்