வாசலில் பூக்கூடைகள்

தேவதானப்பட்டி
12.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மகிமா எழுதுவது. போனில் சொல்லலாம்தான், நீ கடையில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாய், ஏலக்காய் எடைபோடுகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அதனால் பஸ் பார்சலில் கடிதம்.

பேத்தி சுகம். எனக்குத்தான் மார்பு கல்லாகக் கனக்கிறது. பிள்ளை வாய் வைத்தாலே காம்பில் உயிர் போகிறது. "மல்லிகையை மாருல கட்டு, வீக்கம் எறங்கிரும்" என்கிறார்கள் அத்தை. பூக்கடைக்காரர் வீட்டில் பூவுக்கா பஞ்சம்? ஞாயிற்றுக்கிழமை கட்டலாம் என்றிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் நம் வேதக்காரர் இல்லை என்பதுதான் உன் கோபமா? பிள்ளையைப் பார்க்கக்கூட வரமாட்டாயா?

உன் மகள்
மகிமா


போடி
13.3.2025

ஆத்தா மகிமா,

மல்லிகையைக் கட்டாதே. அது பாலை வற்றவைக்கக் கட்டுவது.

ஈர ஏலக்காயைக் குவித்து வைத்தால் சூடேறும். பால் தேங்கினாலும் அப்படித்தான். பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடு. கொடுத்த பின் குளிர்ந்த துணி போடு. காம்பை மட்டும் கவ்வினால் வலிக்கும். வாயை அகலத் திறக்கவிட்டு, கருவட்டமும் உள்ளே போகும்படி வை. ஓரிடம் சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. இதெல்லாம் நர்ஸ் சங்கிலியம்மாளிடம் கேட்டது. காய்க் கதை மட்டும் என்னுடையது.

உனக்குப் பின் ஒரு தம்பி பிறந்து, ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்டான். பால் மட்டும் நிற்கவில்லை. அப்போது எனக்கு மல்லிகை கட்டினார்கள். அதன்பின் நம் வீட்டுக்குப் பூ வந்ததில்லை.

மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளை பிறந்ததும் உன் தெருமுனை வரை வந்தேன். வாசலெல்லாம் பூக்கூடை. காரைத் திருப்பிவிட்டேன்.

சாராள்


தேவதானப்பட்டி
20.3.2025

அம்மா,

கட்டவில்லை. நடுவில் காய்ச்சல் வந்தது. டாக்டர் மருந்து கொடுத்து, பாலை நிறுத்தாதே என்றார். இன்று வலிக்காமல் குடித்தாள்.

உன் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். மறுநாளே கூடைகளை எல்லாம் மார்க்கெட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அத்தை வாசலைக் கழுவிவிட்டு, "இனி ஒங்கம்மா வரட்டும், பிள்ள வாசந்தான் அடிக்கும்" என்றார்கள்.

தம்பிக்கு என்ன பெயர் நினைத்திருந்தாய்?

மகிமா


போடி
22.3.2025

மகளே,

ஜோஷ்வா.

நாளை ஆராதனை முடிந்ததும் வருகிறேன். கூடைகளைப் பழையபடி வாசலுக்கே கொண்டுவரச் சொல். மாமியாருக்காக ஒருவன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வானா? நான் அதைத் தாண்டி வந்துகொள்வேன். கதவுக்குப் பக்கத்திலேயே பிள்ளையை வைத்துக்கொண்டு நில்.

அம்மா