இருமல் நின்ற மாதங்கள்

அக்கா,

இன்று தேக்கா சந்தைப் பக்கம் போனபோது ஒரு கடையில் சுக்கு இடிக்கும் வாசனை வந்தது. கால் தானாக நின்றுவிட்டது. சுக்கு, அதிமதுரம், தேன் என்று உனக்காக நான் வாங்காதது எதுவும் இல்லை. எதற்கும் உன் இருமல் அடங்கவில்லை. காசம் இல்லை, ஆஸ்துமா இல்லை, எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். ஆனாலும் வருடக்கணக்கில் இருமினாய். தெம்பனிஸில் பஸ் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். தேவாலயத்தில் பூசை முடியும்வரை வாசலிலேயே நிற்பாய். இருமினால் குடிக்க உன் தண்ணீர் போத்தலை நிரப்பி என் பையில் வைத்திருப்பேன்.

மருத்துவமனையில் ஒரு புது மாத்திரையைச் சோதிக்க ஆள் தேடியபோது நீயே பெயர் கொடுத்தாய். அங்கிருந்த இளம் பெண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "செல்லுக்குள்ள சக்தியா இருக்கிற ஏடிபி வெளிய கசிஞ்சா, அதுவே ஒரு சிக்னல் ஆன்ட்டி. தொண்டை நரம்பு அதைப் பிடிச்சு இருமச் சொல்லுது. மாத்திரை அதைப் பிடிக்க விடாது. ஆனா நாக்கும் அதே சிக்னல்லதான் ருசியைச் சொல்லுது."

சில வாரங்களில் இருமல் அடங்கியது. கூடவே ருசியும் போனது. என் மீன் குழம்பை வாயில் வைத்துவிட்டு, "உப்புப் போட்டியாடி?" என்றாய். மாத்திரையை நிறுத்தினால் ருசி திரும்பிவிடும் என்றார் டாக்டர். நீ கேட்கவில்லை.

"ருசி போனா போகட்டும்டி. பக்கத்துல உக்காந்தவங்க எந்திரிச்சுப் போகல, அது போதும்லா."

அந்த வருடம் பெரிய வெள்ளியன்று உள்ளே, நடு பெஞ்சில் உட்கார்ந்தாய். வழிபாட்டின் நீண்ட மௌனத்தில் ஒருமுறைகூட இருமவில்லை. திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாய்.

ஆய்வு முடிந்தது, மாத்திரையும் முடிந்தது. ருசி வந்தது, இருமலும் வந்தது. "குழம்பு நல்லாத்தான் இருக்கு, முழுங்கத்தான் விடமாட்டேங்குது" என்று சிரித்தாய். மறுபடி வாசலுக்கே போனாய். நானும் கூட நின்றேன். இரண்டு பேருமே களைத்துப் போயிருந்தோம். பிறகு ஒரு காலையில் உன் இதயம் நின்றது. இருமலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள்.

போன மாதம் அந்த டாக்டரைப் பார்த்தேன். ருசியை அவ்வளவாகத் தொடாத மாத்திரைகளை இப்போது சோதிக்கிறார்களாம். "ஆன்ட்டி இருந்திருந்தா முதல்ல அவங்களைத்தான் கூப்பிட்டிருப்பேன்" என்றார். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது பூசைக்குத் தனியாகப் போகிறேன். உள்ளேதான் உட்காருகிறேன். பிரசங்கம் தொடங்கி எல்லாரும் அமைதியானதும் என் கை பைக்குள் போய் உன் தண்ணீர் போத்தலைத் தேடுகிறது. போத்தல் அங்கே இருக்கிறது. கிளம்பும்போது நிரப்பி வைத்தவள் நான்தான்.