இரவல் நாற்காலி

திண்டிவனம், 1941, ஆடி, வியாழன்.

சேரி அஞ்சலையின் மனு தள்ளுபடியாகிவிட்டது. சர்க்கார் கொடுக்கும் இலவச வீட்டுமனைக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவள் குடிசை பண்ணையார் நிலத்தில் இருக்கிறது. அவர் காலி பண்ணச் சொல்லிவிட்டதால், இந்த மாதக் கடைசிக்குள் பெண்பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும்.

ரெவினியூ இன்ஸ்பெக்டர் பார்க்க வருகிறார் என்றதும், பள்ளிக்கூட வழக்கத்தையே அவளிடமும் சொன்னேன். "இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு நாங்க வெள்ளையடிச்சுக் கோலம் போடுவோம். நீயும் அப்படியே செய்." செய்தாள். பித்தளைக் குடம் இரண்டு இரவல் வாங்கி வைத்தாள். அவர் உட்கார என் நாற்காலியைக் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் சிரித்தாராம். "நாற்காலி போட்டு ஒக்கார்றவளுக்கு எதுக்குடி சர்க்கார் மனை?" அதிலேயே உட்கார்ந்து, வசதியுள்ளவள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

"இரவல்னு சொல்லலியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் வாத்தியாரய்யா. 'சேரிக்காரிக்கு நாற்காலி குடுக்கறவன் எவன்டி, பேரச் சொல்லு'ன்னாரு. சொன்னா ஒங்க தெருவுல ஒங்களப் பேசுவாங்களேன்னு வாயத் தொறக்கல."

நாற்காலியைத் தேய்த்துக் கழுவி, தலையில் சுமந்துவந்து கொல்லை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். என் மனைவி அதை இன்னொரு தரம் கழுவினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலி என்னுடையது என்று தாலுகா ஆபீசுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால், மனுவை மறுபடி எடுத்துக்கொள்ளக்கூடும். சாயங்காலமே காகிதம் எடுத்து வைத்தேன். அது வெறுமையாகவே இருக்கிறது. அந்த வரியை இந்த டைரியில்தான் எழுதியிருக்கிறேன்.